பழனிக்கு நடந்த கால் ஜப்பானுக்கும் நடந்தது

“நடக்கறவ ஒருத்தி, பேரு வாங்கறவ ஒருத்தி.”

எலப்புள்ளி மயிலாத்தாள் பதினோரு மாதம் இதைத் தினமும் சொன்னாள். காலையில் மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் சோறு வடிக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் விழும்படி கொஞ்சம் சத்தமாக ஒரு தடவை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் கமலாத்தாள், மயிலாத்தாளின் கொழுந்தன் மோகனசுந்தரத்தின் பெண்சாதி. இரண்டு ஓரகத்திகளும் ஒரே அடுப்பில் பன்னிரண்டு வருடம் சமைத்தார்கள். அப்புறம் பாகம் பிரித்து நடுவில் மதில் எழுப்பினார்கள். மதில் நாலடிதான். எட்டிப் பார்க்கவும் ஆகும், பார்க்காத மாதிரி இருக்கவும் ஆகும்.

மயிலாத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தோரு தைப்பூசத்துக்கு எலப்புள்ளியிலிருந்து பழனிக்கு வெறுங்காலில் நடந்தவள். கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை என்று நான்கு நாள் நடை. பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் அவள்தான் போவாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். பின்னால் வருகிறவளுக்குக் கால் வலித்தால் அது அவளுக்கும் முருகனுக்கும் உள்ள பேச்சு. கமலாத்தாளோ ரேஷன் கடைக்கே ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகிற ஜாதி. ஒரே ஒரு வருடம் பழனிக்கு என்று மாலை போட்டுக் கிளம்பினாள். கொழிஞ்சாம்பாறையில் கால் கொப்பளித்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்படிப்பட்ட கமலாத்தாள் போன வருடம் ஜப்பானுக்குப் போனாள். அவள் மகன் ரமேஷ்குமாருக்கு நாகோயா என்கிற ஊரில் கார் சாமான் செய்யும் கம்பெனியில் வேலை. மருமகள் ஜீவிதாவுக்குப் பிரசவம் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. தையில் போனவள் சித்திரையில் திரும்பினாள். பிரசவ மருந்தும் சுக்கும் கொண்டுபோன பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள்.

அங்கே வசந்த காலம் வந்தால் சனங்கள் பழைய யாத்திரைப் பாதைகளில் நடப்பார்களாம். ஆயிரம் வருடமாகச் சாமி கும்பிடப் போகிறவர்கள் நடந்த மலைப்பாதை. வழி நெடுக சின்னச் சின்னக் கோயில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மரப்பெட்டிக்குள் ஒரு முத்திரை இருக்கும், நாமே எடுத்து நோட்டில் குத்திக்கொள்ளலாம். கமலாத்தாளின் நோட்டில் சிவப்பு மையில் ஐந்து முத்திரை இருந்தது. வெளிர் ரோஸ் நிறப் பூ கொட்டும் மரத்தடியில் கைத்தடியோடு அவள் நிற்கும் போட்டோவும் இருந்தது. பார்க்க வந்த சனம் அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தது. மயிலாத்தாளும் வாங்கிப் பார்த்தாள். இருபத்தோரு வருடத்துக்கு அவளிடம் இருந்த முத்திரை உள்ளங்கால் வெடிப்பு ஒன்றுதான். அதை யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லை.

அது போதாதென்று இந்தத் தைப்பூசத்துக்கு ஒன்று நடந்தது. பாதயாத்திரைக் கூட்டத்தை வழியனுப்ப வந்த வார்டு மெம்பர் ஜிபி, வெளிநாடு போய் யாத்திரை நடந்தவர் என்று சொல்லிக் கமலாத்தாளுக்குப் பொன்னாடை போர்த்தினார். கமலாத்தாள் பொன்னாடையோடு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனாள். மயிலாத்தாள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பழனிக்கு நடந்தாள். நான்கு நாள் நடையை இந்த வருடம் மூன்றரை நாளில் முடித்தாள். கூட வந்தவர்கள் முருகன் அருள் என்றார்கள். அருள் ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்.

பழனியிலிருந்து வந்த மறுவாரம் மதிலுக்கு மேல் கமலாத்தாளின் தலை தெரிந்தது.

“ஏனுங்க்கா, ரமேசு இந்தப் பங்குனிக்கு மறுக்காவும் வரச் சொல்றானுங்க. பெரிம்மாளையும் கூட்டீட்டு வாங்கங்கறான்.”

“எனக்கு மாடு இருக்குது.”

“மாட்ட மாமா பாத்துக்குவாங்கல்லங்க.”

“அறுப்பு வருது.”

“அறுப்பு மாசியிலயே முடிஞ்சு போகுதுங்க்கா.”

“அந்த ஊருச் சோறு எனக்கு ஆகாது.”

“அங்கெயும் அரிசிச் சோறுதானுங்க்கா.”

மயிலாத்தாள் மாட்டுத் தொட்டியில் கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள். தொட்டியில் தவிடு தீர்ந்து வெகு நேரமாகியிருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அவள் புருசன் கருப்புசாமி தலையைத் தூக்காமலே சொன்னார்.

“போயிட்டு வா புள்ள. பாஸ்போர்ட்டுத்தான் அரிசி டிரம்முல கெடக்குதே.”

புரட்டாசியில் பல் பிடுங்கப் போகிறேன் என்று பாலக்காட்டுக்குப் போன மயிலாத்தாள், எல்லாப் பல்லோடும் திரும்பி வந்ததைக் கருப்புசாமி கவனிக்காமல் இல்லை. அப்புறம் போலீஸ்காரர் விலாசம் விசாரிக்க வந்தபோது அவர்தான் காபி கொடுத்து அனுப்பினார். பெண்சாதியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கமலாத்தாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மயிலாத்தாள் ஜென்மத்துக்கும் போயிருக்க மாட்டாள். “அப்ப டிக்கெட்டுப் போடச் சொல்றேனுங்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலை மதிலுக்குக் கீழே போய்விட்டது.

மயிலாத்தாள் ஊர் பார்க்கப் போகவில்லை, பூ பார்க்கவும் போகவில்லை. கமலாத்தாள் நடந்த அதே பாதையில் அவளை முந்தி நடந்து, முந்திப் போய்ச் சேர்ந்து, ஊருக்கு வந்து அதை ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேண்டுதல்.

ரமேஷ்குமார் முதலில் மகோமே என்கிற பழைய ஊருக்குக் கூட்டிப்போனான். மலைச்சரிவில் கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் கறுத்த மரவீடு, தெருவோர வாய்க்காலில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். அங்கிருந்து அடுத்த ஊருக்கு எட்டுக் கிலோமீட்டர் காட்டுப் பாதை. கரடி கிட்டே வராமல் இருக்க வழியில் அங்கங்கே மணி கட்டியிருந்தார்கள். மயிலாத்தாள் ஒவ்வொரு மணியையும் மூன்று தடவை அடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“பெரிம்மா, அது கரடிக்குங்க.”

“கரடிய அனுப்பறவன் எவன்? அவனுக்குத்தான்.”

காற்று குளிர்ச்சி, நிழல், பாதையில் ஒரு பாலித்தீன் பை கிடையாது. நடை சுகமாகத்தான் இருந்தது. கமலாத்தாளின் வாய்தான் சுகமாக இல்லை.

“போன வருசம் இந்த மரத்துல பூவு இன்னும் நெறையா இருந்துச்சுங்க்கா.”

“அப்படியா.”

“இந்தத் திருப்பம் திரும்புனா ஒரு அருவி வருமுங்க.”

திரும்பினார்கள். அருவி வந்தது. சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்ட அருவியின் மேலேயே மயிலாத்தாளுக்குக் கோபம். எந்தப் பூவைப் பார்த்தாலும் அது இன்னொருத்தி ஒரு வருடம் முன்னாலேயே பார்த்துத் தள்ளிய பூவாக இருந்தது. பெரிய கோயிலுக்குப் போகும் பாதை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பாதைக்குப் போனார்கள். குமானோ என்று பேர். காரை நிறுத்திய இடத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பும், பக்கத்தில் பாதையின் படம் வரைந்த பெரிய பலகையும் இருந்தன. மயிலாத்தாளுக்கு அந்த ஊர் எழுத்துத் தெரியாது. கோடு தெரியும். வில்லேஜ் ஆபீசில் வயல் சர்வே படம் பார்த்துச் சண்டை போட்டவள்.

“கண்ணு, இந்தப் பாதை எங்கெருந்து தொடங்குது?”

ரமேஷ்குமார் பலகையின் இடது ஓரத்தில் விரலை வைத்தான்.

“கோயிலு?”

வலது ஓரத்தில் வைத்தான்.

“உங்கம்மா போன வருசம் எங்கெருந்து நடந்துச்சு?”

விரல் வலது ஓரத்திலிருந்து ஒரு நெல்லுக் கதிர் நீளம்கூட நகரவில்லை. “இங்கெருந்துங்க. ஏழு கிலோமீட்டரு. அது வரைக்கும் பஸ்ஸுங்க பெரிம்மா.”

மயிலாத்தாள் மெதுவாகத் திரும்பினாள். கமலாத்தாள் பஸ் நேரப் பலகையை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஜப்பான் எழுத்துதான்.

“ஏழா கமலா?”

“ஏறக்கொறையங்க்கா.”

“ஏத்தமா, எறக்கமா?”

“எறக்கந்தானுங்க” என்றான் ரமேஷ்குமார், அம்மா முகத்தைப் பார்க்காமல்.

மயிலாத்தாளுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் மூத்த மகள் கல்யாணத்தில்கூட வந்ததில்லை. இறக்கத்தில் ஏழு கிலோமீட்டர். அதற்கு ஒரு பொன்னாடை. எலப்புள்ளியில் பால் சொசைட்டிக்குப் போய்வரவே பாதித் தூரம் ஆகிவிடும்.

“நா மொதல்லெருந்து நடக்கறேன்” என்றாள்.

முழுப் பாதையும் முப்பத்தெட்டுக் கிலோமீட்டர், மலை ஏறி இறங்க வேண்டும், தனக்கு இரண்டு நாள்தான் லீவு என்று ரமேஷ்குமார் கெஞ்சினான். கடைசியில் பேசி முடிவானது இது: இன்றைக்குத் தொடக்கத்திலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து ஒரு ஊரில் தங்குவது, நாளைக்கு நடுப்பாதையை பஸ்ஸில் தாண்டிப் போய்க் கடைசி ஏழை நடப்பது. கூட வந்திருந்த ஜீவிதாவும் குழந்தையும் தங்குமிடத்துக்கு பஸ்ஸில் போகட்டும்.

“நானும் மொதல்லெருந்தே வர்றேன்” என்றாள் கமலாத்தாள்.

“உனக்கு எதுக்கு அம்மிணி? காலு கொப்பளிச்சுப்போகும்.”

“கொப்பளிச்சாக் கொப்பளிக்குது.”

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கோயில். மயிலாத்தாள் அங்கேயே, ரமேஷ்குமார் வாங்கிக் கொடுத்த பூட்ஸைக் கழற்றி அவன் பையில் திணித்தாள். யாத்திரைக்குச் செருப்பு ஆகாது. வேர் குத்தும், கல் ஈரம் என்று அவன் எவ்வளவோ சொன்னான். அவள் காதில் வாங்காமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். ஏற்றம் என்றால் அப்படி ஓர் ஏற்றம். மரத்து வேர்தான் படி. பழனி ரோட்டில் தார்ச் சூடு தாங்கிய கால், இங்கே கல்லின் சில்லிப்பில் மரத்துப்போனது. ஆனாலும் அவள் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கமலாத்தாள் மூச்சு வாங்கும் சத்தம் கொஞ்ச தூரத்துக்குக் கேட்டது, அப்புறம் அதுவும் கேட்கவில்லை. அம்மாவை விட்டுவிட்டு வர முடியாமல் ரமேஷ்குமாரும் பின்தங்கிவிட்டான்.

மேலே ஏறியதும் ஒரு சின்ன ஊர். சரிவெல்லாம் படிப்படியாக வயல், இன்னும் நாற்று விடவில்லை. ஊர் எல்லையில் பாதையோரம் கூரை போட்ட ஒரு மரத்தட்டு. தட்டு நிறைய நம் சாத்துக்குடியைவிடப் பெரிய ஆரஞ்சுப் பழங்கள், மூன்று மூன்றாகப் பையில் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தகர டப்பா. ஒரு ஆள் இல்லை.

மயிலாத்தாளுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். பழனி ரோட்டில் இப்படித்தான் யாத்திரைக்காரர்களுக்காகப் பந்தல் போட்டிருப்பார்கள். மோரோ, பழமோ, தக்காளிச் சாதமோ இருக்கும். பந்தல்காரர் எங்காவது போயிருந்தால், வருகிறவர்களில் கை சும்மா இருக்கிற ஒருத்தர் கரண்டியைப் பிடிக்க வேண்டும். அது அந்த ரோட்டு வழக்கம். தின்றுவிட்டு எழுந்துபோகிறவளை மயிலாத்தாள் மனுசியாகவே மதிக்கமாட்டாள்.

ஒரு பையைப் பிரித்து இரண்டு பழம் தின்றாள். புளிப்பும் இனிப்பும் நன்றாகவே இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு தட்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

முதலில் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு பை கொடுத்தாள். குனிந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். அடுத்து தொப்பி போட்ட நாலு ஜப்பான் பெண்கள். அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு தகர டப்பாவில் காசு போட்டார்கள். மயிலாத்தாள் விடவில்லை. டப்பாவைக் கவிழ்த்து, காசைப் பொறுக்கி, அவர்கள் கையைப் பிடித்துத் திருப்பி வைத்து மூடினாள்.

“அன்னதானத்துக்குக் காசு வெக்கப்படாது சாமி. பாவம். கொண்டுட்டுப் போங்க.”

அவர்கள் தமிழில் என்ன புரிந்துகொண்டார்களோ, மூன்று தடவை குனிந்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வந்தவர்களுக்கும் அப்படியே நடந்தது. அரை மணி நேரத்தில் தட்டு துடைத்துவிட்ட மாதிரி ஆனது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக மயிலாத்தாளுக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது. கமலாத்தாள் ஜப்பானில் நடந்திருக்கலாம், அன்னதானம் பண்ணியிருக்கிறாளா?

அப்போது வயலிலிருந்து ஒரு கிழவர் ஏறி வந்தார். காலி தட்டைப் பார்த்தார். மயிலாத்தாளைப் பார்த்துச் சிரித்தார். டப்பாவைத் தூக்கி ஆட்டினார். சத்தம் வரவில்லை. சிரிப்பு நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கமலாத்தாளும் ரமேஷ்குமாரும் வந்து சேர்ந்தார்கள். கமலாத்தாளுக்கு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கியது. கிழவருக்கு முன்னால் இடுப்பு ஒடிய மூன்று தடவை குனிந்தாள். சுருக்குப் பையிலிருந்து கைக்கு வந்த நோட்டையெல்லாம் டப்பாவில் திணித்தாள். அப்புறம் பாதையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“அக்கா, இது கடைங்க்கா. ஆள் இல்லாத கடை. காசப் போட்டுட்டு எடுத்துக்கோணும்.”

“ஆளில்லாம எவன் கடை வெப்பான்?” என்றாள் மயிலாத்தாள். ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

ரமேஷ்குமார் கிழவரிடம் வெகு நேரம் பேசினான். கிழவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாரு?”

“நல்ல காரியந்தான், நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரு கடையில நிக்கச் சொல்லுங்கறாருங்க.”

அப்போதுதான் கிழவர் அவள் காலைப் பார்த்தார். வலது பெருவிரல் நகம் பிளந்து ரத்தம் வழிந்து, கல்லில் காய்ந்து கிடந்தது. நின்ற சந்தோஷத்தில் அவளுக்கே தெரியவில்லை. கிழவர் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். கமலாத்தாள் குனிந்து கட்டுப் போட்டாள். போட்டுவிட்டு மகன் பையிலிருந்து பூட்ஸை எடுத்து முன்னால் வைத்தாள்.

“நா செருப்புப் போட மாட்டேன்.”

“பழனியாண்டவனுக்கு ஆகாதுன்னா செரி. இது இவங்க சாமி. இவங்க அத்தன பேரும் போட்டுட்டுத்தானுங்க நடக்கறாங்க. போடலீன்னா இங்கெயே உக்காந்துக்கோங்க, பஸ்ஸுக்குச் சொல்லலாம்.”

பஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மயிலாத்தாள் பூட்ஸுக்குள் காலை விட்டாள். விடும்போதே கணக்கும் ஓடியது. ஆரஞ்சு ஒன்று, பூட்ஸ் ஒன்று. கமலாத்தாள் ஊருக்குப் போய் மதில் மேல் தலையை வைத்தால் போதும்.

மீதி ஒன்பது கிலோமீட்டரும் அவள் முந்திப் போகவில்லை. கால் விடவில்லை. மரங்களுக்கு நடுவே கமலாத்தாளின் பக்கத்திலேயே நடந்தாள். நடந்தபடியே கேட்டாள்.

“கமலா, பூட்ஸப் பத்தி ஊருல சொல்லுவியா?”

“நீங்க பஸ்ஸப் பத்திச் சொல்லுவீங்களாங்க்கா?”

“நீ ஏன் அத மறச்சே?”

கமலாத்தாள் கைத்தடியை ஊன்றி நின்றாள். “இருவது வருசமா தைப்பூசத்துக்கு உங்கள வழியனுப்பீட்டு ஊட்டுக்கு வந்து தனியாத் தோசை சுட்டுத் தின்னவளுங்க நானு. கொழிஞ்சாம்பாறையில பஸ் ஏறுனவன்னு இன்னும் சிரிக்கறாங்க. ஏழுன்னா என்ன, எழுவதுன்னா என்ன, ஒருக்காவாச்சும் என்னைய நடந்தவன்னு சொல்லட்டுமேன்னு இருந்தேன்.”

மயிலாத்தாளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வரவும் செய்தது. ஆனால் அதைவிட அதிகமாக வந்தது வேறு. தன்னைப் பார்த்து ஒருத்தி இருபது வருடம் வயிறெரிந்திருக்கிறாள், அது இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்கிற வருத்தம். தெரிந்திருந்தால் ஒவ்வொரு வருடமும் இன்னும் ருசியாக நடந்திருக்கலாம்.

“நீ ஆரஞ்சச் சொல்லாத. நா பஸ்ஸச் சொல்லமாட்டேன்.”

“பூட்ஸு?”

“அதுவுந்தான்.”

மறுநாள் நடுப்பாதையை பஸ்ஸில் தாண்டினார்கள். மயிலாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நேற்றுப் பதின்மூன்று, இன்றைக்கு ஏழு. இருவருக்கும் இருபது. ஆனால் கமலாத்தாளுக்குப் போன வருடத்து ஏழு தனியாக இருக்கிறது. எப்படிக் கூட்டினாலும் இந்தப் பாதையில் அவள்தான் ஏழு கிலோமீட்டர் அதிகம். கடைசி ஏழையும் அந்தக் கணக்கோடுதான் நடந்தாள்.

கோயிலுக்கு நூற்றைம்பத்தெட்டுப் படி. இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடிகள் நட்டு வைத்திருந்தார்கள். கீழ்ப்படியில் கமலாத்தாள் ஒதுங்கி நின்றாள்.

“நீங்க முன்னால போங்க்கா. மூத்தவங்க.”

வேண்டுதல் கண் முன்னால் நின்றது. காலை எடுத்து வைத்தால் முந்திச் சேர்ந்துவிடலாம். மயிலாத்தாள் ஒரு படி ஏறினாள். இரண்டாவது படியில் நின்றுவிட்டாள். இவள் விட்டுக்கொடுத்து நான் முந்தினால், ஊரில் பெரிய மனசுக்காரி என்று இவளைத்தானே சொல்வார்கள். அந்தப் பேரையும் கமலாத்தாளுக்குக் கொடுக்க அவளால் முடியவில்லை.

“ஒண்ணும் வேண்டா. கையப் புடி.”

“உங்களுக்குக் கால் வலிக்குதுங்களா?”

“வாய மூடிட்டுப் புடி.”

இருபத்தோரு வருடம் திரும்பிப் பார்க்காமல் நடந்தவள், நூற்றைம்பத்தெட்டுப் படியும் ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கடைசிப் படியில் இருவரும் ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஒன்றாகவே எடுத்து வைத்தார்கள். இன்றைக்குவரை யார் கால் முதலில் பட்டது என்று தீரவில்லை.

ஒப்பந்தம் என்ன ஆனது என்றால், ஊருக்கு வந்த முதல் வாரமே முறிந்துவிட்டது. பால் சொசைட்டியில் பூவாத்தாளிடம் மயிலாத்தாள் பஸ்ஸைச் சொன்னாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்று. அதே பூவாத்தாளிடம் மறுநாள் கமலாத்தாள் ஆரஞ்சைச் சொன்னாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்று. பூட்ஸை மட்டும் ரமேஷ்குமார் போட்டோ பிடித்து அனுப்பிவிட்டான். மெம்பர் ஜிபி இரண்டு பொன்னாடையோடு வந்தபோது மயிலாத்தாள், இது கிடக்கட்டும், தெருவிளக்கைப் போட்டுக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். கமலாத்தாள் தன்னுடையதை வாங்கி வைத்துக்கொண்டாள். அதற்கு இப்போது தனியாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

மயிலாத்தாளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் ஆளை நேரில் பார்க்காமல் புரியாது. எலப்புள்ளிப் பக்கம் வந்தால் வாய்க்கால் தாண்டி, நாலடி மதில் நடுவில் போகும் இரட்டை வீட்டைக் கேளுங்கள், யாரானாலும் காட்டுவார்கள். காலை எட்டு மணிக்கு மேல் போங்கள், அதற்குமுன் மாட்டு வேலை. மயிலாத்தாள் வீட்டில் முதலில் காபி குடியுங்கள், அவள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். பிறகு மதிலைச் சுற்றிப் போய்க் கமலாத்தாள் வீட்டிலும் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். ஒரு வீட்டில் குடித்து ஒரு வீட்டில் குடிக்காமல் வந்துவிடாதீர்கள். நீங்கள் போய்விடுவீர்கள், அந்தப் பேச்சை நாங்கள்தான் ஒரு வாரம் கேட்க வேண்டும்.